யஸ்ஸியடா தீவின் நீதிமன்றம்

மத்ரஸாவில் காழியின் ஒழுக்கங்களைப் பற்றிய பாடத்தை நடத்தும்பொழுதெல்லாம், மாணவருள் ஒருவரேனும் கேட்காமல் விடாத வினா ஒன்றுண்டு. “ஹஸ்ரத், நீதி தவறிய அரசன் காழிப் பதவியைக் கொடுத்தால் அதனை ஏற்கலாமா? ஏற்றவர் வழங்கும் தீர்ப்புச் செல்லுமா?” என்பதே அது.

ஃபிக்ஹு நூல்கள் இவ்வினாவைக் கண்டும் காணாமல் போய்விடவில்லை. ஹனஃபி மத்ஹபின் ‘ஹிதாயா’, அநீதியான அரசனிடமிருந்தும் காழிப் பதவியை ஏற்கலாம் என்று கூறுகிறது. கூறிவிட்டு, உண்மையின்படி தீர்ப்பளிக்க அவன் இடந்தராவிட்டால் ஏற்கலாகாது என்று வரம்பும் கட்டுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’, தகுதி நிறையாத ஒருவரை வலிமை படைத்த ஆட்சியாளர் நியமித்துவிட்டாலும், நிர்ப்பந்தத்தை முன்னிட்டு அவருடைய தீர்ப்புச் செல்லும் என்கிறது. இதன் காரணம் தெளிவானது. ஆட்சி எவர் கையில் இருந்தாலும் மக்களின் நிக்காஹும் தலாக்கும் வாரிசுரிமையும் கொடுக்கல் வாங்கலும் நின்றுபோவதில்லை. அவற்றைத் தீர்த்துவைக்க ஒருவர் வேண்டும். இல்லையேல் எளியவர்தாம் முதலில் அழிவர்.

ஆனால், அந்த வினாவினுள் இன்னொரு வினா மறைந்திருக்கிறது. காழியை நியமித்த வலிமையாளரே வழக்கில் ஒரு தரப்பாக இருந்தால் என்ன செய்வது? நேற்றுவரை ஆண்டவரைப் படைபலத்தால் இறக்கியவர்கள், அவரைக் கூண்டில் ஏற்றித் தாமே நீதிபதிகளையும் அமர்த்தினால் அந்த நீதி நீதியாகுமா? இதற்கு நூலிலிருந்து மட்டும் விடை சொல்வதைவிட, வரலாற்றிலிருந்து ஒரு வழக்கை எடுத்து ஆராய்வது பயன் தரும். துருக்கியின் மர்மரா கடலில் யஸ்ஸியடா என்னும் சிறு தீவில் 1960 ஆம் ஆண்டிலும் 1961 ஆம் ஆண்டிலும் நடைபெற்ற வழக்கு அத்தகையது.

பத்தாண்டு ஆட்சி

துருக்கியில் குடியரசு ஏற்பட்டது 1923 இல். அதன் பின் ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் மக்கள் குடியரசுக் கட்சி ஒன்றே ஆண்டது. முஸ்தஃபா கமாலுக்குப் பின் குடியரசுத் தலைவரான இஸ்மத் இனோனு, பிற கட்சிகளுக்கும் வழி திறந்தார். 1946 ஜனவரியில் ஜனநாயகக் கட்சி தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர்களுள் ஜலால் பயாரும் அத்னான் மெந்தரஸும் முதன்மையானவர்கள். 1950 மே 14 இல் நடந்த தேர்தலில் அக்கட்சி சுமார் 53 விழுக்காடு வாக்குகளைப் பெற்று வென்றது. பயார் குடியரசுத் தலைவரானார். அய்தின் மாநிலத்துப் பருத்தி நிலக்கிழாரான மெந்தரஸ் பிரதமரானார். தோற்ற இனோனு அமைதியாக ஆட்சியை ஒப்படைத்தார். அந்நாட்டு வரலாற்றில் வாக்குச் சீட்டினால் ஆட்சி கைமாறிய முதல் நிகழ்ச்சி அது.

மெந்தரஸின் பெயரைக் கேட்டதும் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது பாங்கோசைதான். 1932 முதல் துருக்கியில் பாங்கு துருக்கி மொழியிலேயே சொல்லப்பட்டு வந்தது. அரபியில் பாங்கு சொல்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி 1941 இல் சட்டமும் வந்தது. மெந்தரஸ் பதவியேற்ற சில வாரங்களில், 1950 ஜூன் 16 இல், அத்தடை நீக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் மினாராக்களிலிருந்து பழைய பாங்கைக் கேட்டு முதியவர்கள் தெருவில் நின்று அழுதார்கள் என்பர். அந்தக் கண்ணீரை நாம் மதிக்கிறோம். ஆயினும் பாங்கை மீட்டுத் தந்தவர் என்பதற்காக ஒருவரைக் குற்றமற்றவராகக் கொள்வது வரலாற்று முறையும் அன்று, மார்க்க முறையும் அன்று. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதியினின்றும் பிறழச் செய்துவிட வேண்டாம் என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் எச்சரிக்கை. அன்பும் அவ்வாறே பிறழச் செய்யும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

எனவே குறைகளையும் சொல்லியாக வேண்டும். 1954 தேர்தலில் 57 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளைப் பெற்ற பின் மெந்தரஸின் ஆட்சி மெல்ல மெல்லக் கடுமையடைந்தது. எதிர்க்கட்சி ஒன்றுக்கு வாக்களித்த குற்றத்திற்காகக் கிர்ஷெஹிர் என்னும் மாநிலத்தையே மாவட்டமாகத் தாழ்த்தினார்கள். 1957 இல்தான் அது பழைய நிலையை அடைந்தது. பத்திரிகைச் சட்டங்கள் இறுக்கப்பட்டு, எழுதியவர்கள் சிறை சென்றார்கள். 1955 செப்டம்பர் 6, 7 தேதிகளில் இஸ்தன்பூலில் கிரேக்கச் சிறுபான்மையினரின் கடைகளும் வீடுகளும் தேவாலயங்களும் சூறையாடப்பட்டன. அரசு அதனைத் தடுக்கவில்லை. 1958 இல் நாணய மதிப்புக் குறைக்கப்பட்டு, ஒரு டாலருக்கு 2 லிரா 80 குருஷ் என்றிருந்தது 9 லிரா ஆயிற்று. விலைவாசி நகரத்து நடுத்தர மக்களையும் சம்பளம் வாங்கும் படை அதிகாரிகளையும் வாட்டியது.

யாவற்றிலும் பெரிய தவறு 1960 ஏப்ரலில் நிகழ்ந்தது. எதிர்க்கட்சியின் செயல்களையும் பத்திரிகைகளையும் விசாரிக்கப் பாராளுமன்றத்தில் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் உறுப்பினர் 15 பேரும் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர்களே. செய்தி வெளியிடுவதைத் தடை செய்யவும், கட்சிக் கூட்டங்களை நிறுத்தவும், மீறுவோரைச் சிறையிலிடவும் அக்குழுவுக்கு அதிகாரம் தரப்பட்டது. குற்றம் சாட்டுபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒரே தரப்பினர்! மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். ஏப்ரல் 28 இல் இஸ்தன்பூலில் மாணவர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார்.

மே 27

1960 மே 27 அன்று விடியுமுன் படையினர் அங்காராவையும் இஸ்தன்பூலையும் தம் வசப்படுத்தினர். தேசிய ஒற்றுமைக் குழு என்னும் பெயரில், ஜெனரல் ஜமால் குர்ஸலைத் தலைவராகக் கொண்ட 38 அதிகாரிகள் ஆட்சியை எடுத்துக்கொண்டனர். குதாஹியாவில் மெந்தரஸ் பிடிபட்டார். மறுநாளே, இஸ்தன்பூல் பல்கலைக்கழக ரெக்டர் ஸித்தீக் ஸாமி ஓனார் தலைமையிலான சட்டப் பேராசிரியர்கள், கவிழ்க்கப்பட்ட அரசு தன் சட்டத் தகுதியை முன்னரே இழந்துவிட்டது என்று அறிக்கை தந்தார்கள். ஆட்சியைப் பிடித்தது முதல்நாள். அதற்குரிய நியாயம் வந்தது மறுநாள்.

ஜூன் 12 இல் அக்குழு தன் 1 ஆம் எண் சட்டத்தை இயற்றியது. அதன்படி இரண்டு அமைப்புகள் பிறந்தன. ஒன்று, குற்றங்களைத் தேடித் தொகுக்கும் உயர் விசாரணைக் குழு. மற்றொன்று, அவற்றை விசாரித்துத் தண்டிக்கும் உயர் நீதி மன்று. இரண்டிலும் அமர்வோரைத் தேர்ந்து நியமிக்கும் அதிகாரம் ஆட்சியைப் பிடித்தவர்கள் கையிலேயே இருந்தது. மன்றின் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. மரண தண்டனையை மட்டும் நிறைவேற்றுமுன் தேசிய ஒற்றுமைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். அதாவது, வழக்கின் தொடக்கத்தில் நின்ற அதே கை, அதன் முடிவிலும் நின்றது.

இவ்விடத்தில் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். அமைச்சர்களை விசாரிக்க வழியே இல்லாத நாடன்று துருக்கி. 1924 ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்திலேயே அதற்கென உயர் நீதிமன்றம் ஒன்று வகுக்கப்பட்டிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசாங்க ஆலோசனை மன்றமும் தம் உறுப்பினரிலிருந்து தாமே தேர்ந்தெடுக்கும் நீதிபதிகளே அதில் அமர வேண்டும். புதிய மன்று அந்தப் பழைய பாதையை விட்டு விலகி அமைக்கப்பட்டது.

தீவில் நடந்தது

யஸ்ஸியடா தீவின் உடற்பயிற்சிக் கூடம் நீதிமன்றமாக மாற்றப்பட்டது. 1960 அக்டோபர் 14 இல் விசாரணை தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 592 பேர். குடியரசுத் தலைவர், பிரதமர், அமைச்சர்கள், ஆளுங்கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்கள் என ஓர் ஆட்சி முழுவதுமே கூண்டில் நின்றது. மன்றின் தலைவர் ஸாலிம் பாஷொல். தலைமை வழக்குத் தொடுப்பவர் அல்தாய் உமர் எகஸல். ‘யஸ்ஸியடா நேரம்’ என்ற பெயரில் விசாரணைப் பகுதிகள் வானொலியில் நாடெங்கும் ஒலிபரப்பாயின.

முதல் வழக்கு யாது தெரியுமா? நாய் வழக்கு! ஆப்கானிஸ்தான் மன்னர் ஜலால் பயாருக்கு அன்பளிப்பாகத் தந்த வேட்டை நாயை அங்காராவின் விலங்குக் காட்சிச்சாலைக்கு 20,000 லிராவுக்கு விற்கச் செய்தார் என்பது குற்றச்சாட்டு. இன்னொன்று குழந்தை வழக்கு. மெந்தரஸுக்கும் இசைநாடகப் பாடகி ஒருவருக்கும் பிறந்த குழந்தையைக் கொல்லச் செய்தார் என்பது அது. இவ்வழக்கில் அவர் விடுதலை செய்யப்பட்டார். ஆனால் அதற்குள் அவருடைய அந்தரங்க வாழ்வு முழுவதும் ஊரறிய விரிக்கப்பட்டுவிட்டது. அரசியல் சட்டத்தை மீறிய பெருங்குற்றத்தை விசாரிக்க வந்த மன்று இவற்றிலிருந்து தொடங்கியது ஏன்? தண்டனைக்கு முன்னரே மானத்தைப் பறிப்பதற்கு என்பதன்றி வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

1955 ஆம் ஆண்டுக் கொள்ளை வழக்கும் அங்கேதான் விசாரிக்கப்பட்டது. மெந்தரஸும் வெளிநாட்டு அமைச்சர் ஃபாத்தின் ருஷ்தி ஸொர்லுவும் அதில் தண்டிக்கப்பட்டனர். அது மெய்யான கொடுமை. கடையும் வீடும் இழந்தவர்கள் மெய்யான மனிதர்கள். அவர்களுக்குரிய நீதி நாய் வழக்கோடும் குழந்தை வழக்கோடும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டமையால் அதுவும் அரசியல் பழிவாங்கலாகவே பலர் கண்ணுக்குத் தோன்றிற்று. ஒருதலையான மன்று குற்றவாளிக்கு மட்டும் தீங்கு செய்வதில்லை. குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டிய நீதியின் மதிப்பையும் அது குறைத்துவிடுகிறது.

கைதிகள் நடத்தப்பட்ட விதம் பற்றி முறையிட்டபொழுது, உங்களை இங்கே கொண்டு வந்து அடைத்த சக்தி இவ்வாறே விரும்புகிறது என்ற கருத்தில் பாஷொல் விடையளித்தார் என்பது பலராலும் எடுத்துரைக்கப்படும் செய்தி. யஸ்ஸியடாவைப் பற்றி எத்தனையோ நூல்கள் எழுதப்பட்டுள்ளன. அவை அனைத்தும் சொல்ல வந்ததை நீதிபதியின் வாயே சொல்லிவிட்டது. உண்மையின்படி தீர்ப்பளிக்க இடந்தராவிட்டால் பதவியை ஏற்கலாகாது என்று ‘ஹிதாயா’ கட்டிய வரம்பை இங்கே நினைவுகூர்க.

மூல வழக்கு, அரசியல் சட்டத்தை மீறிய வழக்கு. துருக்கியின் தண்டனைச் சட்டம் 146 ஆம் பிரிவு, அரசியல் சட்டத்தைப் பலாத்காரமாக மாற்றவோ ஒழிக்கவோ முயல்வதற்கு மரண தண்டனை விதித்தது. மெந்தரஸின் கட்சியினர் செய்தது பாராளுமன்றத்தில் வாக்களித்துச் சட்டம் இயற்றியது. அச்சட்டம் தீயது என்பதை முன்னரே கூறினோம். ஆனால் மன்றத்தில் அளித்த வாக்குக்காக உறுப்பினர் எவரும் பொறுப்பாக்கப்படார் என்று 1924 அரசியல் சட்டமே உறுதி கூறியிருந்தது. அதே வேளையில், அந்த அரசியல் சட்டத்தைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி வைத்தவர்கள், நீதிபதிகளை நியமித்தவர்களாக வெளியே நின்றார்கள். 146 ஆம் பிரிவின் சொற்கள் எவருக்கு அதிகம் பொருந்தும் என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

1961 செப்டம்பர் 15 இல் தீர்ப்பு வந்தது. 15 பேருக்கு மரண தண்டனை. 31 பேருக்கு ஆயுள் தண்டனை. மரண தண்டனை பெற்றவருள் பயார், மெந்தரஸ், ஸொர்லு, நிதியமைச்சர் ஹஸன் பொலாத்கான் ஆகிய நால்வருக்கு மட்டுமே அது ஒருமனதாக விதிக்கப்பட்டிருந்தது. அந்நால்வரின் தண்டனையையே குழு ஏற்றது. முதுமையைக் கருதிப் பயாரின் தண்டனை ஆயுள் தண்டனையாயிற்று. எஞ்சிய மூவரைக் காக்க வெளிநாட்டுத் தலைவர்கள் வேண்டினார்கள். எவருக்கு எதிராக மெந்தரஸின் ஆணைக்குழு அமைக்கப்பட்டதோ, அந்த இஸ்மத் இனோனுவே உயிரைப் பறிக்க வேண்டாம் என்று குர்ஸலுக்குக் கடிதம் எழுதினார். பயனில்லை. செப்டம்பர் 16 இல் இம்ராலி தீவில் ஸொர்லுவும் பொலாத்கானும் தூக்கிலிடப்பட்டனர். மெந்தரஸ் தூக்க மாத்திரைகளை விழுங்கி நினைவிழந்து கிடந்தார். மருத்துவர்கள் அவரைப் பிழைக்க வைத்தார்கள். உடல் நலத்தோடு இருக்கிறார் என்று சான்று எழுதப்பட்டது. செப்டம்பர் 17 இல் அவரும் தூக்கிலேற்றப்பட்டார்.

மன்றுக்காகச் சொல்லக்கூடியவை

ஒரு தரப்பின் சொல்லைக் கேட்டதும் தீர்ப்பளித்துவிடாதீர். மற்றவரின் சொல்லையும் கேளும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். ஆகவே அந்த மன்றுக்குச் சாதகமானவற்றையும் கேட்போம்.

பாஷொல் புதிதாகக் கொண்டுவரப்பட்ட படை வீரரல்லர்; மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் குற்றவியல் பிரிவொன்றுக்குத் தலைவராக இருந்தவர். விசாரணை மூடிய அறையில் நடக்கவில்லை. பத்திரிகையாளர்களும் பார்வையாளர்களும் இருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் இருந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலையும் பெற்றார்கள். இவை உண்மை. இவற்றைவிட வலுவான வாதம் ஒன்றும் உண்டு. பாராளுமன்றப் பெரும்பான்மையைக் கொண்டு எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்ட தலைவரை எவர்தாம் விசாரிப்பது? பழைய உயர் நீதிமன்றத்துக்கு வழக்கை அனுப்ப வேண்டியது பாராளுமன்றம். அதுவோ அவர் கையில் இருந்தது. வாக்குப் பெற்றவர் எதையும் செய்யலாம் என்றாகிவிடாதா?

இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் சட்டத்திற்கு மேலானவர் அல்லர். ஆயினும் 1960 மே 27 க்குப் பின் நிலைமை மாறிவிட்டது. பழைய பாராளுமன்றம் இல்லை. தலைவர் சிறையில் இருக்கிறார். அவரால் எவருக்கும் தீங்கு நேர வழியில்லை. தேர்தல் நடத்தி, மக்கள் தேர்ந்தெடுக்கும் புதிய மன்றத்திடமும் அதன் கீழமையும் முறையான நீதிமன்றத்திடமும் அவரை ஒப்படைப்பதற்கு என்ன தடை? தேர்தல் நெடுந்தொலைவில் இருக்கவுமில்லை. மெந்தரஸ் தூக்கிலேறிய இருபத்தெட்டாம் நாள், 1961 அக்டோபர் 15 இல், துருக்கியில் தேர்தல் நடந்தது. அந்த நான்கு வாரங்கள் பொறுக்க இயலாமற் போனதற்கு, மக்கள் வேறு தீர்ப்புக் கூறிவிடுவரோ என்ற அச்சமே காரணம் என்று எண்ண இடமிருக்கிறது. அத்தேர்தலில் பழைய ஜனநாயகக் கட்சியின் வாரிசாக வந்த நீதிக் கட்சி 34 விழுக்காட்டுக்கும் மேல் பெற்றது. 1965 இல் அக்கட்சியே பாதிக்கு மேற்பட்ட வாக்குகளோடு தனித்து ஆட்சியமைத்தது.

நீதிபதிகள் கற்றவர்கள், விசாரணை வெளிப்படையானது என்ற வாதங்களுக்கும் விடையுண்டு. பகைவனின் சாட்சியம் ஏற்கப்படாது என்பது ஃபிக்ஹின் விதி. அவன் பொய்யன் என்பதற்காக அவ்விதி வகுக்கப்படவில்லை. மெய்யே பேசினாலும் அவன் பேச்சில் ஐயம் ஒட்டிக்கொள்கிறது என்பதே காரணம். ஒருவர் தம் சொந்த வழக்கில் தாமே தீர்ப்புக் கூற முடியாது என்பதும் அது போன்றதே. யஸ்ஸியடா மன்று மெந்தரஸைக் குற்றமற்றவர் என்று கூறியிருந்தால், மே 27 இல் நடந்தது குற்றம் என்று கூறியதாகும். தன்னைப் பிறப்பித்தவர்களையே குற்றவாளியாக்கினாலன்றி எதிரியை விடுவிக்க இயலாத மன்று, எத்துணைக் கற்றவர்கள் அமர்ந்தாலும் நடுநிலையான மன்றாக இருக்க முடியாது. நிர்ப்பந்தத்தை முன்னிட்டுத் தீர்ப்புச் செல்லும் என்ற ‘மின்ஹாஜ்’ நூலின் சலுகை மக்களின் அன்றாட வாழ்வு நின்றுவிடாமல் இருப்பதற்காக உள்ளது. ஆட்சியைப் பிடித்தவர் தம் எதிரியைத் தூக்கிலிடுவதில் மக்களுக்கு என்ன நிர்ப்பந்தம் இருக்கிறது?

பின்னர் வந்த தீர்ப்புகள்

காலம் தன் தீர்ப்பை மெதுவாக எழுதியது. பயார் 1964 இல் விடுதலையானார். நூறு வயதையும் கடந்து 1986 வரை வாழ்ந்தார். 1990 இல் துருக்கிப் பாராளுமன்றம் மூவரின் பெருமையை மீட்டுச் சட்டம் இயற்றியது. இம்ராலியிலிருந்து எலும்புகள் இஸ்தன்பூலுக்குக் கொண்டு வரப்பட்டு, அவர்கள் மரித்து இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அரசு மரியாதையோடு அடக்கப்பட்டன. 2020 ஜூனில் பாராளுமன்றத்தின் எல்லாக் கட்சிகளும் ஒன்றாக வாக்களித்து, அம்மன்றுக்கு அடிப்படையாக இருந்த சட்ட விதிகளையே செல்லாதவையாக்கின. ஆனால் எந்தச் சட்டமும் கயிற்றை அவிழ்த்துவிடாது.

துருக்கி மட்டுமன்று. பாகிஸ்தானில் 1977 இல் ஜெனரல் ஸியாவுல் ஹக்கால் நீக்கப்பட்ட ஸுல்ஃபிகார் அலி பூட்டோ, புதிதாக அமைத்த மன்றால் விசாரிக்கப்படவில்லை. முன்பே இருந்த லாகூர் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமுமே அவரை விசாரித்தன. மேல்முறையீட்டில் நால்வர் தண்டனையை உறுதி செய்ய, மூவர் மறுத்தனர். 1979 ஏப்ரல் 4 இல் அவர் தூக்கிலிடப்பட்டார். 2024 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம், அவருக்கு நேர்மையான விசாரணை கிடைக்கவில்லை என்று ஒருமனதாகக் கருத்துரைத்தது. படையாட்சியின் நிழலில் பழைய நீதிமன்றங்களே தடுமாறுமாயின், அந்த நிழலிலேயே முளைத்த மன்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

மாணவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுவே. காழியை நியமித்தவர் எவர் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த வழக்கில் நியமித்தவருக்கு ஏதேனும் பங்குண்டா என்று கேளுங்கள். எதிரியை விடுவித்துவிட்டு அந்தக் காழி அச்சமின்றி வீடு திரும்ப முடியுமா என்று கேளுங்கள். தீர்ப்புத் தவறானால் திருத்த மேலே ஓரிடம் உண்டா என்று கேளுங்கள். மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்காவிட்டால், கூண்டில் நிற்பவர் குற்றவாளியாகவே இருந்தாலும் அங்கே நடப்பது நீதியன்று.

இவ்வினாக்களை மெந்தரஸின் ஆணைக்குழுவிடம் கேட்டாலும் அதுவும் தேறாது. ஒரு தரப்பே மறுதரப்பை விசாரிக்கலாம் என்ற பாடத்தை 1960 ஏப்ரலில் நாட்டுக்குக் கற்பித்தவர் அவரே. மே மாதம் முடியுமுன் அந்தப் பாடம் அவர்மீதே திரும்பிற்று. அதனாற்றான் இனோனுவின் கடிதம் என் நினைவை விட்டு அகலுவதில்லை. தமக்குத் தீங்கு செய்ய முனைந்தவரின் உயிருக்காக மன்றாடியபொழுது, அந்த முதியவர் தம் பழைய பகையை ஒருபுறம் வைத்துவிட்டார். பாங்கின் பொருட்டு மெந்தரஸை நேசிக்கும் நாம், அதே பாங்கை அரபியில் சொல்லத் தடை நிலவிய நாளில் ஆண்ட இனோனுவுக்கு இந்த ஒரு நற்செயலையேனும் நீதியோடு எழுதி வைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.